பெக்ஸ்ஹில்லில் ஒரு மாடிப்படி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் தென்கரையில், பெக்ஸ்ஹில் கடற்கரையில் உள்ள டி லா வார் பெவிலியன் என்ற கலைமையக் கட்டடத்தைப் பார்க்க, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுடன் ஒருநாள் போகலாமென்று நினைக்கிறேன். அவர் நாகப்பட்டினத்துக்காரர், பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைக் காட்டியதும், “நம்மூர் டவுன் பஸ் ஸ்டாண்டு மாடி மாதிரி இருக்கிறதே, இதற்கா ரயில் ஏறுவது?” என்கிறார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
– ச., குரோய்டன்

அன்புள்ள ச.,

அப்பா சொல்வது நியாயம்தான். வெள்ளைச் சுவரும் கண்ணாடியுமான இந்த நவீனப் பாணியை உலகமே நகலெடுத்துவிட்டதால் மூலம் நகல்போலத் தெரிகிறது. அதனால் முகப்பை விட்டுவிட்டு நேராக மாடிப்படிக்குக் கூட்டிப்போங்கள்.

கடல் பக்கம் அரைவட்டக் கண்ணாடிக் கூண்டு ஒன்று புடைத்து நிற்கும். அதற்குள் சுழன்று ஏறுகிறது படி. நடுவே மேலிருந்து கீழ்வரை குரோமியத் தட்டுகள் கோத்த ஒரே விளக்கு தொங்கும். இதை வரைந்த கட்டடக் கலைஞர் எரிக் மெண்டல்சோன் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். இன்னொரு கட்டடக் கலைஞரான செர்ஜ் செர்மாயெஃப்புடன் சேர்ந்து, இருநூறுக்கு மேற்பட்டோர் கலந்துகொண்ட போட்டியில் வென்றார். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் ஷோக்கன் என்ற பெரிய கடைக்கு அவர் கட்டிய கண்ணாடிப் படிக்கூண்டை 1960இல் இடித்துவிட்டார்கள். அந்த யோசனை கடலைப் பார்த்து நிற்பதை இங்கே காணலாம்.

பொறியாளரிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று. உள்ளே இருப்பது எஃகுச் சட்டகம், அதுவும் வெல்டிங் செய்தது. பிரிட்டனில் பெரிய கட்டடங்களில் இதை முதலில் செய்தவற்றில் ஒன்று. கணக்குப் போட்டவர் பொறியாளர் ஃபெலிக்ஸ் சாமுவேலி. ரிவெட் ஆணி அடித்து இணைத்தால் இணைப்புக்கு இணைப்பு தகடும் கோணச்சட்டமும் வேண்டும், எடை ஏறும், தூண் பருக்கும். பற்றவைத்தால் அது மிச்சம். பால்கனிகள் அவ்வளவு மெல்லியதாக இருப்பதன் ரகசியம் பாதி இதில்தான். ஆனால் கடற்கரையில் இரும்புக்கு உப்புக்காற்றுதான் வினை. இரும்பு ஜன்னல் சட்டமும் கைப்பிடியும் துருப்பிடிக்கும், துரு உப்பி மேல்பூச்சை வெடிக்க வைக்கும். நாகப்பட்டினத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1935 டிசம்பரில் திறந்த கட்டடம் பின்னாளில் நொந்துபோய், பெரிய பழுதுபார்ப்புக்குப் பிறகு 2005இல்தான் மீண்டது. பூச்சு விளிம்புகளை அவரே தட்டிப் பார்க்காமல் இருக்கிறாரா என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

வழி: லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து ஈஸ்ட்போர்ன் வழியாக ஹேஸ்டிங்ஸ் பக்கம் போகும் ரயில் கிழக்குக் குரோய்டனில் நிற்கும், அங்கேயே ஏறலாம். ஈஸ்ட்போர்னில் ரயில் வந்த திசையிலேயே திரும்பிப் புறப்படும். தவறான வண்டி என்று பதறி இறங்கிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையென்றால் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முதல்நாள் பாருங்கள், இல்லாவிட்டால் பாதி வழி பஸ்ஸில்தான். பெக்ஸ்ஹில்லில் இறங்கி டெவன்ஷயர் சாலையில் தெற்கே நடந்தால் பத்து நிமிடத்துக்குள் கடல்.

பலர் ஏமாறுவது அங்கேதான். ஊர்ப்பக்கமாக வருபவர் முதலில் பார்ப்பது வடக்கு முகம். அங்கேயே நின்று படமெடுத்து, ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடுகிறார்கள். சுற்றிக்கொண்டு கடலோர நடைபாதைக்குப் போங்கள். கட்டடம் தெற்கே பார்த்தது, நடுப்பகலில் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், வெள்ளைச் சுவர் தெளிவாக விழும். அதே நேரத்தில் படிக்கூண்டுக்கு உள்ளே நின்று கடலை நோக்கி அப்பாவைப் படமெடுத்தால் நிழலுருவம்தான் கிடைக்கும், பக்கவாட்டில் நிறுத்துங்கள்.

கலைக்கூடத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. ஆனால் ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அரங்கைப் பூட்டி வைப்பார்கள், சில நாள் மாடியும் கிடைக்காது. எது திறந்திருக்கிறது என்று புறப்படும் முன் அவர்கள் தளத்தில் பாருங்கள்.

கரை முழுக்கக் கூழாங்கல். செருப்போடு நடந்தால் கணுக்கால் பிசகும், ஷூ போடச் சொல்லுங்கள். அலை உள்வாங்கும் நேரத்தில்தான் மணல் தெரியும். பக்கத்திலேயே ஹேஸ்டிங்ஸ் இருக்கிறதே என்று அதையும் சேர்க்காதீர்கள். மிச்ச நேரத்தை மாடியில் கடலைப் பார்த்து உட்காரச் செலவிடுங்கள், அதற்காகக் கட்டியதுதான் அது.