பெயின்ட் டின்னைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மாரி ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்ததும் எல்லாருக்கும் பெயின்ட் ஞாபகம் வந்துவிடுகிறது. படகின் பின்னால் மாட்டும் பழைய எஞ்சின்களைத் திருத்துவது பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெயின்ட் கேள்விகள்தான். எஞ்சின் சுற்றுகிறதா என்பதைப் பெரும்பாலானவர்கள் எழுதவே இல்லை. சரி, வந்த வரிசையிலேயே போவோம்.

கே: பழைய இரும்புக்காரரிடம் ஜோன்சன் 25 ஒன்று வாங்கினேன். எந்த வருடத்தது என்று எப்படி அறிவது? அசல் நிறத்திலேயே அடிக்க ஆசை. (வாழைச்சேனை)

ப: படகின் பின்பலகையில் மாட்டும் கிளாம்பின் பக்கத்தில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். சான்ட் பேப்பர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மண்ணெண்ணெய் தோய்த்த துணியே போதும். 1980 முதல் வந்த ஜோன்சன், எவின்ரூட் இரண்டுக்கும் ஒரே கணக்கு. மொடல் இலக்கத்தின் கடைசி எழுத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னுள்ள இரண்டு எழுத்தையும் பாருங்கள். ஐ 1, என் 2, ரீ 3, ஆர் 4, ஓ 5, டி 6, யூ 7, சீ 8, ஈ 9, எஸ் 0. சேர்த்து வாசித்தால் ‘இன்ட்ரொடியூசஸ்’ என்ற ஆங்கிலச் சொல் வரும், மறக்காது. உங்களுடையதில் சீ-டி என்றிருந்தால் 86ஆம் வருடம். தகட்டில் இந்த முறை பொருந்தவில்லை என்றால் எஞ்சின் அதற்கும் முந்தியது.

நிறத்துக்கு மேல் கவரைக் கழற்றி உள்விளிம்பைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில்தான் அசல் நிறம் மிச்சம் இருக்கும். கவரையே வாகனப் பெயின்ட் கலக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஸ்டிக்கர்களை உரிப்பதற்கு முன் டிரேசிங் தாளில் வரைந்து அளவும் எடுத்து வையுங்கள். த்ரீவீலருக்கு ஸ்டிக்கர் வெட்டுகிறவர்கள் அதைப் பார்த்து வெட்டித் தருவார்கள்.

கே: நல்ல விலையுள்ள பெயின்ட் வாங்கித்தான் அடித்தேன். மூன்று மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. பெயின்ட் போலியா? (பெரிய கல்லாறு)

ப: பெயின்டின் பெயரையும் விலையையும் எழுதியிருக்கிறீர்கள். பிரைமர் என்ன, எதில் கழுவினீர்கள் என்று ஒரு வரி இல்லை. கொப்புளம் ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே வெள்ளை மா மாதிரி இருந்தால் அது அலுமினியம் அரித்த தூள். உப்புக்கு மேல் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன் என்பார்கள், அந்தக் கிணறே உவர். குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மறுபடியும் கழுவுங்கள்.

அடுத்தது பிரைமர். ரெட் ஒக்சைட் இரும்புக்கு. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர்தான், அதுவும் தேய்த்த அன்றைக்கே. இரவு வெளியில் கிடந்தால் உப்புக் காற்று மறுபடி ஏறிவிடும். கார்த்திகை, மார்கழியில் அடிக்கவே வேண்டாம். பங்குனி, சித்திரையில் ஒன்பது மணி வெயிலுக்குப் பிறகு தொடங்குங்கள்.

கே: பழைய பெயின்டைக் கழற்றக் கோஸ்டிக் சோடாவில் ஊறப் போடலாமா? (காரைதீவு)

ப: பெயின்டோடு எஞ்சினும் கழன்றுவிடும். அலுமினியத்தைக் கோஸ்டிக் தின்னும். அலுமினியத்துக்கு ஆகும் என்று டின்னில் எழுதியிருக்கும் பெயின்ட் ரிமூவர், பிளாஸ்டிக் சுரண்டி, பொறுமை. இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் புதைந்து, பிறகு அங்கிருந்தே அரிப்புத் தொடங்கும்.

கே: பெற்றோல் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. ரிப்பெயர் பண்ணிய பழைய ஜோன்சனை மண்ணெண்ணெயில் ஓட்டலாமா? யமஹா ஓடுகிறதே. (வாகரை)

ப: ஓடுகிற யமஹா அதற்கென்றே குறைந்த கம்பிரெஷனில் செய்த மொடல். அதையும் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றுகிறார்கள். உங்கள் ஜோன்சனில் ஊற்றினால் தட்டும், பிறகு பிஸ்டன் போகும்.

கே: அடிப்பாகத்தில் சாம்பல் நிறமாக ஒரு துண்டு இருக்கிறது. மற்றதெல்லாம் புதிதாக இருக்கும்போது அது மட்டும் அசிங்கமாகத் தெரிகிறது. சேர்த்தே அடித்துவிட்டால் அழகாக இருக்கும் என்று பெயின்ட் பாஸ் சொல்கிறார். (அக்கரைப்பற்று)

ப: அந்தத் துண்டு சிங்க், அதாவது துத்தநாகம். எத்தனையோ தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். உப்புத் தண்ணீரில் அலுமினியமும் ஸ்டீலும் ஒன்றையொன்று தொட்டு நின்றால் மெல்லிய மின்னோட்டம் ஓடும், அது அலுமினியத்தை அரிக்கும். சிங்க் இருந்தால் அரிப்பு முதலில் சிங்கைத்தான் பிடிக்கும். கரைவதுதான் அதன் வேலை. பெயின்ட் அடித்துவிட்டால் தண்ணீருக்கு அங்கே சிங்க் இல்லை, அலுமினியம் மட்டும்தான் இருக்கிறது.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் என் யமஹா 15ஐ ஒரு கராஜில் பெயின்டுக்கு விட்டேன். திரும்பி வந்தபோது ஷோரூமில் இருந்து எடுத்த மாதிரி இருந்தது. புரொப்பெலருக்கு மேலே தொங்கும் சின்ன வால் துண்டு வரைக்கும் ஒரே பளபளப்பு. அதுவும் சிங்க்தான் என்று எனக்கே அப்போது உறைக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்துக் கியர் ஒயில் மாற்றக் கீழ் ஆணியைக் கழற்றினால், பால் தேத்தண்ணி மாதிரி ஊற்றுகிறது, ஒயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. சீல் போய்விட்டது என்று நினைத்துச் சீல் போட்டேன். ஒரு மாதத்தில் மறுபடி பால் தேத்தண்ணி. கடைசியில் வெளிச்சத்தில் பிடித்துத் தடவிப் பார்த்தேன். புரொப்பெலருக்குப் பின்னால், பெயின்ட் தோலுக்குள்ளே, சுண்டுவிரல் நுனி போகிற ஓட்டை. மேலே பெயின்ட் உரியவே இல்லை. கியர் கேஸ் முழுவதும் மாற்றினேன். கராஜ்காரரிடம் கேட்டதற்கு, “நாங்கள் நல்லாத்தானே அடிச்சோம்” என்றார். அதுவும் உண்மைதான், நன்றாகத்தான் அடித்திருந்தார்.

ஆகவே சிங்க்கைக் கழற்றி வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும் இடத்தில், போல்ட் தொடும் இடத்தில், பெயின்ட் இருக்கவே கூடாது. உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பாதி கரைந்ததும் புதுசு போடுங்கள். இன்னொன்று: படகின் அடிக்குப் பாசி பிடிக்காமல் பூசும் செம்புக் கலவைப் பெயின்டில் மிச்சம் இருக்கிறதே என்று எஞ்சின் காலுக்கும் இழுத்துவிடாதீர்கள். செம்பும் அலுமினியமும் பகையாளிகள். பாஸிடம் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள். கோபப்பட்டால் பாஸை மாற்றுங்கள்.

கே: நேற்றுக் காலை எஞ்சின் வாவிக்குள் விழுந்தது. தூக்கி எடுத்து வெயிலில் நன்றாகக் காய வைத்திருக்கிறேன். அடுத்து? (கல்லடி)

ப: காய வைத்ததுதான் பிழை. தண்ணீருக்குள் கிடந்தபோது அரித்ததைவிட, காற்றுப் பட்ட பிறகுதான் வேகமாக அரிக்கும். உடனே திறக்க முடியாவிட்டால் நல்ல தண்ணீர் நிரப்பிய பரலுக்குள் அப்படியே அமிழ்த்தி வைத்திருக்க வேண்டும். இப்போது கழுவி, பிளக் இரண்டையும் கழற்றி, கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, சிலிண்டருக்குள் ஒயில் விட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இன்றைக்கே. இதை நீங்கள் வாசிக்கும்போது ‘இன்றைக்கு’ முடிந்திருக்கும், எனக்கும் தெரியும்.

கே: பாட்டனாரின் பிரிட்டிஷ் சீகல் எஞ்சின் ஒன்று ஓடும் நிலைக்கு வந்துவிட்டது. ஒயில் எவ்வளவு கலப்பது? (களுவாஞ்சிக்குடி)

ப: பழைய சீகலுக்குப் பத்துக்கு ஒன்று. பத்து லீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில். புகையும், கையெல்லாம் பிசுக்கும், அது அதன் சுபாவம். மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1963 வரைக்குமான ஜோன்சன், எவின்ரூட் 24க்கு ஒன்று, அதாவது பத்து லீற்றருக்குக் கிட்டத்தட்ட 420 மில்லி. 64இலிருந்து பெரும்பாலும் 50க்கு ஒன்று, 200 மில்லி. த்ரீவீலருக்கு ஊற்றும் 2ரீ ஒயில் வேண்டாம். அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கு. டின்னில் ‘ரீசீ-டபிள்யூ3’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

கே: டூகே பெயின்டை வீட்டு முற்றத்தில் அடிக்கலாமா? கொரோனாக் கால மாஸ்க் பெட்டி நிறைய இருக்கிறது. (சாய்ந்தமருது)

ப: ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூகே, பெற்றோல் சிந்தினாலும் கரையாது, அந்த வகையில் நல்ல தெரிவு. ஆனால் அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் அந்த மாஸ்க்கைச் சட்டை செய்யாது, நேரே நெஞ்சுக்குள் போகும். ஸ்பிரே கூடம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். சிங்க்கைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

கே: சுனாமிக்குப் பிறகு நாவலடி மணலுக்குள் இருந்து எடுத்த எஞ்சின். அப்பாவுடையது. இதுவரை யாரும் தொடவில்லை. ஓட வைக்க முடியுமா? (மட்டக்களப்பு நகர்)

ப: ஓடாது தம்பி. 2004இல் உப்பும் மணலும் புகுந்த கிராங்க் பெயரிங், இருபது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறது. இறுகிய பிஸ்டனைச் சுத்தியலால் அடிக்கவோ கயிற்றை இழுக்கவோ வேண்டாம். நல்ல தண்ணீரில் பல தடவை ஊற வைத்து உப்பை எடுங்கள். தளர்ந்த தூளை மட்டும் தட்டிவிட்டு, எட்ச் பிரைமர், மேலே ஒரு கோட், கூடத்தில் ஒரு மரத்தாங்கியில் வையுங்கள். மேல் கவரில் அப்பா கையால் எழுதிய பெயரோ இலக்கமோ இருந்தால் அதன் மேல் பெயின்ட் வேண்டாம்.

கே: எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்ய? (ஊர் இல்லை)

ப: எந்த எஞ்சின்? பொறி வருகிறதா? எண்ணெய் வருகிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: முழு வேலையும் முடிந்து, முற்றத்தில் மேசையில் பூட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் அருமையாக ஓடியது. வீடியோ அனுப்பியிருக்கிறேன். (திருக்கோவில்)

ப: பெயின்ட் வேலை நன்றாக இருக்கிறது. பார்த்தேன். பரலையும் தேடினேன், காணவில்லை. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே வோட்டர் பம்ப் இம்பெல்லர் கருகிவிடும். கால் பகுதியைக் கழற்றி இம்பெல்லரை மாற்றுங்கள். கழற்றும்போது புதுப் பெயின்ட் கீறுப்படும், வேறு வழியில்லை.