மைதானத்துப் புகார்களும் விசாரணையும்: கேள்வி பதில்

(நீலகிரியில் பல ஆண்டுகள் கால்பந்து நடுவராகவும், பிறகு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலும் இருந்தவன் நான்.)

குன்னூர் வாசகர்: சிவப்பு அட்டை வாங்கிய வீரர் அடுத்த ஆட்டத்தில் இறங்கலாமா?

முடியாது. அடுத்த ஆட்டத்துக்கு யாரும் உத்தரவு போடாமலே தடை வந்துவிடும். கூடுதல் தடை வேண்டுமா என்பதை நடுவரின் அறிக்கையைப் படித்துக் குழு தீர்மானிக்கும்.

கோத்தகிரி வாசகர்: ஐயா, நடுவரைத் திட்டினான் என்று என் தம்பிக்கு ஒரு வருடத் தடை. கால்பந்து சங்கச் செயலாளர் போனில்தான் சொன்னார். செல்லுமா?

செல்லாது என்றே சொல்வேன். என்ன புகார், எந்த விதி என்று எழுதி, விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். பதிலுக்கு அவகாசம் வேண்டும். நேரில் கேட்ட பிறகு, காரணம் சொல்லி எழுத்தில் உத்தரவு வேண்டும். குற்றம் கடுமையானால் விசாரணை முடியும்வரை வீரரை ஆடவிடாமல் நிறுத்திவைக்கலாம். அது தண்டனை ஆகாது. உத்தரவின் நகலையும் சங்க விதிகளையும் கேட்டு இன்றே பதிவுத் தபால் அனுப்புங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு பெரும்பாலும் குறைவு. இப்படி ஒரு வாய்வார்த்தைத் தடையை நம்பிக் காத்திருந்து, கடைசியில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போன பையனை எனக்குத் தெரியும். நல்ல இடது கால் அவனுக்கு.

அவரே: விசாரிப்பவர் எதிரணி மேலாளரின் மைத்துனர். என்ன செய்வது?

அவர் விலக வேண்டும். மலையில் எல்லோரும் உறவுதானே என்பார்கள். அதனால்தான் இன்னும் கவனம் தேவை. விசாரணை தொடங்கும் முன்பே ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள்.

ஊட்டியிலிருந்து ஒரு தாய்: பயிற்சியாளர் மகளைத் தகாத முறையில் தொடுகிறார். சங்கம் "நாங்களே பேசி முடிக்கிறோம்" என்கிறது.

அம்மா, பேசி முடிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. மகளுக்கு 18 நிறையவில்லையென்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறையிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 18 நிறைந்தவர் என்றால், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டு மைதானத்துக்கும் உண்டு. மூன்று மாதத்துக்குள் இத்தகைய புகார்களை விசாரிக்க அந்த நிறுவனத்துக்குள்ளேயே அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். காவல் நிலையத்துக்கும் போகலாம். முதலில் மகளை அந்தப் பயிற்சியிலிருந்து நிறுத்துங்கள். அவள் சொல்வதை நம்புங்கள்.

கூடலூர் வாசகர்: வாட்ஸ்அப் வீடியோ ஆதாரமாகுமா?

உதவும். எடுத்தவரே மூலப் பதிவுடன் வந்து சொன்னால் வலு கூடும். மதிய மூடுபனியில் எடுத்த ஒரு வீடியோவில் சட்டை எண்ணே தெரியாமல், கோல் கீப்பரின் சாட்சியத்தை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுத்தோம்.