சமூகம் ஏன் மாறுகிறது என்பதைச் சமூகவியலாளர்கள் எப்படி விளக்குகிறார்கள்?

பாடப்புத்தகத்தில் பரிணாமக் கோட்பாடு, முரண்பாட்டுக் கோட்பாடு என்று வரிசையாக வரும். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரே மாற்றத்தை இரண்டு பேர் பார்த்துவிட்டு வேறுவேறு காரணம் சொல்லும்போதுதான் இந்தக் கோட்பாடுகளால் என்ன பயன் என்று புரியும். தஞ்சாவூரையே எடுத்துக்கொள்வோம்.

1961-62இல் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அங்கே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். 'ஸ்ரீபுரம்' என்பது அவர் வைத்த புனைபெயர். அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி என மூன்று பகுதிகள். பழைய காலத்தில் சாதியில் உயர்ந்தவர், நிலம் வைத்திருந்தவர், ஊரை ஆண்டவர் மூவரும் ஒரே ஆள்: பிராமண மிராசுதார். பிள்ளைகள் இங்கிலீஷ் படிப்பும் உத்தியோகமும் தேடிப் பட்டணம் போனார்கள். நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. அப்புறம் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. ஓட்டில் தலைதானே கணக்கு? குடியானத் தெருவில் தலைகள் அதிகம், ஆகவே பஞ்சாயத்து அங்கே போனது. சடங்கு அந்தஸ்து மட்டும் அக்ரகாரத்தில் தங்கிவிட்டது. ஒன்றாகப் பின்னிக் கிடந்த மூன்று இழைகள் பிரிந்தன. அதுதான் மாற்றம் என்றார் பெத்தேய். அந்தஸ்து, சொத்து, அதிகாரம் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்த ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் வழி வந்த பார்வை இது.

இன்னொரு சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸின் சமஸ்கிருதமயமாதலை இங்கே பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. கீழே இருக்கும் சாதி மேல்சாதியின் பழக்கங்களைக் கைக்கொண்டு மேலேறப் பார்ப்பது அது. பிராமணரின் உயர்வையே திராவிட இயக்கம் மேடை போட்டுக் கேள்வி கேட்ட ஊரில் அதற்கு வேலை குறைவு. தவிர, அதனால் ஒரு சாதியின் இடம்தான் மாறும், அமைப்பு மாறாது என்று சீனிவாஸே சொல்லியிருக்கிறார்.

கேத்லீன் கஃப் இதே மாவட்டத்துக்கு 1951லேயே வந்த மானிடவியலாளர், மார்க்சியர். 1976இல் திரும்பவும் வந்து பார்த்தார். அவர் பார்த்தது உழைப்பவர் பக்கம் இருந்து. மிராசுதாரின் ஆதிக்கம் தளர்ந்தது நிஜம்தான். ஆனால் ஒரே மிராசுதாரிடம் கட்டுண்டு உழைத்த பண்ணையாள் நாள்கூலியாக மாறியதை விடுதலை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நிலம் யாரிடம், கூலியை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அக்ரகாரமும் குடியானத் தெருவும் மாறிய கதைக்கு எனக்குப் பெத்தேய்தான் சரி. சேரிக்கு அவரை நம்பிப் போக முடியாது. அவர் தங்கியதே அக்ரகாரத்து வீட்டில். அங்கிருந்துகொண்டு சேரிக்குள் சகஜமாகப் போய்வர முடியாது. அவரே இதை எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை. அவர் நூல் வந்தது 1965இல். 1968 டிசம்பர் 25 இரவு அதே மாவட்டத்தின் கீழைப் பகுதியில், கீழவெண்மணியில், கூலித் தகராறில் 44 தலித்துகள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் முதல் குற்றஞ்சாட்டப்பட்டவராக நின்ற நிலக்கிழார் பிராமணர் அல்ல. பிரிந்துவிட்டதாகச் சொன்ன நிலமும் அதிகாரமும் அங்கே இன்னொரு சாதியின் கையில் சேர்ந்தே இருந்தன.