மிச்சிகனில் ரெஃப்ரீ ஹியரிங்: புதிதாக வந்த தங்கைக்கு ஒரு பதில்

அக்கா என்று உரிமையோடு எழுதியிருக்கிறீர்கள். அதே உரிமையோடு பதில் சொல்கிறேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஈரோட்டிலிருந்து மிச்சிகன் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கணவர் எச்1பி என்ற வேலை விசாவில், நீங்கள் அவரைச் சார்ந்த எச்4 விசாவில். ஏழு வயதில் ஒரு மகன். கணவர் விவாகரத்து கேட்டு மனு போட்டிருக்கிறார், பையன் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மோஷனும் (வழக்குக்குள் போடும் கோரிக்கை மனு) கொடுத்திருக்கிறார். அதற்கு ரெஃப்ரீ முன்னால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜட்ஜே இல்லாத ஒருவர் என் பிள்ளையைப் பிரித்துவிட முடியுமா, அதற்கு முன் பேசாமல் பையனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். போன மாதம் பையன் பள்ளியில் ஏதோ சொல்லப்போய் சி.பி.எஸ். (அரசின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு) ஆட்கள் வீட்டுக்கு வந்து விசாரித்தார்களே, அதுவும் இதே ஆளிடம் போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

டிக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போகாதீர்கள். தனியாகக் கஷ்டப்படுகிறவளுக்கு அம்மா வீடு கண்ணில் தெரிவது இயல்புதான், எனக்கும் தெரிந்தது. ஆனால் இன்னொரு பெற்றோரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தில் குழந்தையை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோவது 1993 முதல் இங்கே மத்திய அரசின் சட்டப்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிள்ளை யார் பொறுப்பில் என்ற கஸ்டடி ஆர்டர் இன்னும் வரவில்லையே என்று நினைக்க வேண்டாம், பெற்றவர் என்ற முறையில் அவருக்கு உள்ள உரிமையே போதும். நீங்கள் ஈரோட்டில் இருக்கும்போதும் வழக்கு இங்கே நடந்துகொண்டே இருக்கும், உங்கள் தரப்பைச் சொல்ல ஆள் இருக்காது. வீட்டில் அடி உதை இருந்தால் அதற்கு வழி வேறு: பாதுகாப்பு ஆணை கேட்டுத் தனி மனு போடலாம். எச்1பி ஊழியரின் கொடுமைக்கு ஆளான துணைக்குத் தனியாக வேலை அனுமதி வாங்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. விவாகரத்து முடிந்தால் எச்4 போய்விடும். அதனால் குடியேற்ற வக்கீல் ஒருவரை இப்போதே பாருங்கள். விசா விஷயத்தில் ரெஃப்ரீக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

சரி, ரெஃப்ரீ யார்? மிச்சிகனில் விவாகரத்து, கஸ்டடி, குழந்தைப் பாதுகாப்பு, சிறார் குற்றம் எல்லாம் 1998 முதல் சர்க்யூட் கோர்ட் என்ற மாநில விசாரணை நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவில் நடக்கின்றன. ஜட்ஜ்கள் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள், எண்ணிக்கை குறைவு, வழக்கோ மலையளவு. அதனால் மோஷன்களைக் கேட்டு விசாரித்து, சாட்சிகளைப் பதிவு செய்து, என்ன ஆர்டர் போடலாம் என்று ஜட்ஜுக்குப் பரிந்துரை எழுத ஒருவரை நியமிக்கிறார்கள். அவர்தான் ரெஃப்ரீ. பெரும்பாலும் குடும்ப வழக்குகளில் ஊறிய வக்கீலாக இருப்பார். சத்தியப் பிரமாணம் வாங்குவார், சாட்சிகளை வரவழைப்பார், தானே கேள்வி கேட்பார். கஸ்டடி, பேரன்டிங் டைம் (பிள்ளை ஒவ்வொரு பெற்றோரோடும் இருக்கும் நேரம்), சைல்ட் சப்போர்ட் (பிள்ளையின் செலவுக்குத் தரும் பணம்) எல்லாம் அவர் விசாரிக்கலாம். மனைவிக்கோ கணவருக்கோ தரும் ஜீவனாம்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கும் மோஷன் மட்டும் அவரிடம் போகாது. அவர் எழுதுவதில் ஜட்ஜ் கையெழுத்துப் போட்டால்தான் அது ஆர்டர்.

விவாகரத்து வழக்குகளின் ரெஃப்ரீ பெரும்பாலும், குடும்ப வழக்குகளில் கோர்ட்டுக்கு உதவும் ஃப்ரெண்ட் ஆஃப் தி கோர்ட் என்ற அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருப்பார். மிச்சிகனில் 1919 முதல் இருக்கும் ஏற்பாடு அது. பெயரைப் பார்த்து உங்களுக்கு வேண்டியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் கோர்ட்டுக்காக வேலை செய்கிறவர்கள், உங்கள் வக்கீல் கிடையாது. அங்கே சமரசப் பேச்சு நடத்திய ஊழியரே பிறகு உங்கள் வழக்குக்கு ரெஃப்ரீயாக உட்காரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதனால் சமரசப் பேச்சில் தயங்காமல் பேசலாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் பெண்கள் பலர் 'ரெஃப்ரீதானே, ஜட்ஜ் முன்னால் போகும்போது எல்லாம் சொல்லிக்கொள்ளலாம்' என்று சும்மா போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். என் வழக்கு முடிந்த பிறகு சிலருக்குத் துணையாகப் போயிருக்கிறேன், அங்கே திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். அந்த அறையில் நீங்கள் சொல்வதுதான் உங்கள் வழக்கு. அங்கே பேசுவது முழுக்கப் பதிவாகிறது. பிறகு நீங்கள் ஆட்சேபம் எழுதி ஜட்ஜிடம் போனாலும், அவர் அந்தப் பதிவையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கே காட்டியிருக்கக்கூடிய சாட்சியத்தைப் பிறகு கொண்டுவந்தால் ஏற்க மறுக்கலாம்.

ஆட்சேபத்துக்குக் கெடு 21 நாள். ரெஃப்ரீயின் பரிந்துரை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். தபாலில் அனுப்பினால், பெட்டியில் போட்ட நாளே சேர்ப்பித்த நாளாகக் கணக்கு. நீங்கள் கவரைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருந்தாலும் நாள் ஓடும். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், எந்தக் கண்டறிதல் தவறு, ஏன் தவறு என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், மறுதரப்புக்கும் பிரதி போக வேண்டும். 'எனக்கு அநியாயம் நடந்துவிட்டது' என்று மட்டும் எழுதினால் போதாது. வேண்டுமென்றே இழுத்தடிக்கப் போட்டதாகத் தெரிந்தால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவை உங்கள் தலையில் கட்டவும் ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டு. முறையாகக் கொடுத்தால், முன்பு சொன்ன வரம்புகளுக்கு உட்பட்டு ஜட்ஜே புதிதாக விசாரிக்க வேண்டும், அது உங்கள் உரிமை. இன்னொன்று: சில கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் போல) ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்போதே ரெஃப்ரீயின் பரிந்துரை தற்காலிகமாக அமலுக்கு வந்துவிடும். நோட்டீஸிலோ பரிந்துரையிலோ அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பையனைப் பிரிப்பார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். மிச்சிகனில் 1970-இல் வந்த கஸ்டடி சட்டம் குழந்தையின் நலனை எடைபோட 12 அம்சங்களைச் சொல்கிறது. பாசம், படிப்பு, வீட்டின் நிலைத்தன்மை, பெற்றோரின் உடல், மன நலம், வீட்டு வன்முறை என்று போகும் பட்டியல். அதற்கும் முன்னால் ரெஃப்ரீ கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தக் குழந்தை இத்தனை காலமாக வழிகாட்டலுக்கும் கண்டிப்புக்கும் அன்றாடத் தேவைகளுக்கும் ஆறுதலுக்கும் இயல்பாக யாரை நாடுகிறது? அது நீங்கள்தான் என்று நிலைநாட்டிவிட்டால், அந்த நிலையை மாற்ற உங்கள் கணவர் மிக வலுவான சாட்சியம் காட்டியாக வேண்டும். இரண்டு பேரும்தான் என்று முடிவானால் இரண்டு பேரிடமும் உள்ள பிணைப்பு காக்கப்படும்.

'எனக்குச் சம்பளம் இல்லையே' என்று எழுதியிருந்தீர்கள். வேலை அனுமதி இல்லாத எச்4 அம்மாக்கள் எல்லோருக்கும் வரும் பயம் இது. சம்பாதிக்கும் பக்கம் பிள்ளை போகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சைல்ட் சப்போர்ட் என்ற ஒன்று இருப்பதே அதற்காகத்தான். இருவர் வருமானத்தையும், ஆண்டில் எத்தனை இரவு குழந்தை யாரிடம் தங்குகிறது என்பதையும் வைத்து மாநிலத்தின் சூத்திரப்படி கணக்குப் போடுவார்கள். வழக்கமாகச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் வாயால் 'நான்தான் எல்லாம் பார்க்கிறேன்' என்று சொன்னால் அது நிற்காது. டீச்சரோடு போன மெயில்கள், டாக்டரிடம் யார் கூட்டிப் போனது என்ற ரெக்கார்ட், தடுப்பூசிச் சீட்டு, நீச்சல் வகுப்புக்குப் பதிவு செய்தது, இவற்றைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். ரெஃப்ரீக்கு, மறுதரப்புக்கு, உங்களுக்கு என்று மூன்று செட். தமிழில் இருக்கும் வாட்ஸ்அப் செய்திகளை வேண்டியதை மட்டும் எடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். மாமியார் சொன்னது, நாத்தனார் சொன்னது எல்லாம் வேண்டாம். கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான், அது பையனைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

அந்த 12-இல் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்கும் மற்றப் பெற்றோருக்கும் உள்ள உறவை வளர்க்க நீங்கள் எவ்வளவு இடம் கொடுக்கிறீர்கள் என்பதும் எடைபோடப்படும். கோபத்தில் அப்பாவோடு வீடியோ கால் பேசவிடாமல் செய்வது, பையன் காதுபடத் திட்டுவது, இவை உங்களுக்கு எதிராகவே எழுதப்படும். கொடுமை நடக்கும் வீட்டில் பிள்ளையைக் காப்பாற்றத் தள்ளி வைத்தால் அதை இந்தக் கணக்கில் எதிராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மற்ற வீடுகளில் இது மிகப் பெரிய விஷயம்.

பையனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்களோ என்று நினைத்து அழுததாக எழுதியிருந்தீர்கள். பெற்றோருக்கு முன்னால் உட்கார்த்தி வைத்து அவன் விருப்பத்தைக் கேட்க மாட்டார்கள். தேவை என்று பட்டால் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள், அதுவும் அவன் விருப்பம் என்ன என்ற அளவில்தான். தயவுசெய்து அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை மனப்பாடம் செய்து வந்ததைச் சிறுவர்களோடு பேசிப் பழகியவர்கள் சட்டென்று கண்டுபிடிப்பார்கள், அப்புறம் உங்கள் மற்றப் பேச்சும் எடுபடாது.

ஊருக்குப் போவது பற்றி இன்னும் கொஞ்சம். கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவதுகூட இனி ஆர்டரில் எழுதினால்தான் நடக்கும். குழந்தைக் கடத்தல் குறித்த ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. அப்படிச் சேராத நாட்டில் பேரன்டிங் டைமைச் செலவிடக் கூடாது என்ற தடையை மிச்சிகன் சட்டமே ஆர்டரில் போடச் சொல்கிறது. இரண்டு பெற்றோரும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் விலக்கு. இலங்கை அந்த ஒப்பந்தத்தில் இருப்பதால் அங்கிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. நம் நிலைமை வேறு. அதனால் ரெஃப்ரீ முன்னால் போகும்போதே, எந்த மாதம், எத்தனை வாரம், எந்த முகவரி, பாஸ்போர்ட் யார் கையில், திரும்பும் டிக்கெட்டின் நகல் எப்போது தருவது என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு ஏற்பாட்டை எழுதிக்கொண்டு போங்கள். பிறகு தனியாக மோஷன் போட்டு அலைவதைவிட இது நல்லது. இருவரும் மனம் ஒத்துக் கையெழுத்துப் போட்டு வருடா வருடம் பிள்ளையைப் பொங்கலுக்கு அனுப்பும் குடும்பங்களும் இங்கே இருக்கின்றன.

சி.பி.எஸ். விஷயம். அது இதே குடும்பப் பிரிவின் இன்னொரு பக்கம். அங்கேயும் ரெஃப்ரீ உண்டு, பெரும்பாலும் வேறு ஆள், விதிகளும் வேறு. பள்ளி ஆசிரியர்களுக்குச் சந்தேகம் வந்தாலே புகார் செய்வது சட்டக் கடமை, அதனால் டீச்சர் மேல் கோபம் வேண்டாம். வீட்டுக்கு வந்து விசாரித்தது விசாரணை மட்டும்தான். சி.பி.எஸ். கோர்ட்டில் மனு போட்டால்தான் ரெஃப்ரீ வருவார். குழந்தையை வீட்டிலிருந்து எடுத்திருந்தால், ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் முதல் ஹியரிங் நடக்க வேண்டும். மனுவை ஏற்கலாமா, குழந்தை வீட்டிலேயே இருக்கலாமா, உறவினரிடமா, வேறு இடத்திலா என்பதை அங்கே பார்ப்பார்கள். உங்களுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் கோர்ட்டே வைத்துத் தரும், குழந்தைக்கும் தனி வக்கீல் உண்டு. விவாகரத்து வழக்கில் அப்படி இலவச வக்கீல் கிடையாது, இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். ரெஃப்ரீயின் பரிந்துரையை ஜட்ஜ் மறுபார்வை பார்க்கக் கேட்கும் கெடுவும் இங்கே 7 நாள்தான். இரண்டு கெடுவையும் குழப்பிக்கொண்டு தவறவிட்டவர்கள் உண்டு. முழு விசாரணை என்று வந்தால் ஜட்ஜோ ஜூரியோ வேண்டும் என்று கேட்கும் உரிமையும் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் மனு எதுவும் இல்லை என்றுதான் தெரிகிறது. ஆனாலும் கஸ்டடி ஹியரிங்கில் உங்கள் கணவரின் வக்கீல் அதை எடுப்பார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், பிறகு என்ன மாற்றினீர்கள் என்றும் சொல்லுங்கள். 'எங்கள் ஊரில் இது சகஜம்' என்ற பதில் அங்கே உதவாது.

மொழி பற்றி: அன்றாட ஆங்கிலம் வருகிறது என்பதற்காக மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளையைப் பற்றிப் பேசும்போது குரல் உடையும், வார்த்தை வராது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். இங்கே தமிழுக்கு ஆள் கிடைப்பது அரிது, அவர்கள் ஏற்பாடு செய்ய நேரம் பிடிக்கும். உறவினரோ நண்பரோ அந்த வேலையைச் செய்வதைக் கோர்ட் கூடியவரை தவிர்க்கும். நானும் கூட வந்து உட்காரலாம், உங்களுக்காகப் பேச முடியாது.

வக்கீல் கிடைக்கும் வரை மிச்சிகன் லீகல் ஹெல்ப் என்ற இலவசத் தளத்தில் படிவங்களைப் பார்த்து வையுங்கள். நோட்டீஸில் எந்த கவுண்டி, ஹியரிங் நேரிலா ஜூமிலா, கணவரின் மோஷனில் பையன் பள்ளி பற்றி என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள். பெயர்களையும் வழக்கு எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். இன்று ராத்திரியே பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.