கல் முதலா, கேபினெட் முதலா? சமையலறை புதுப்பிப்பு: கேள்வி பதில்

சமையலறையைப் புதுப்பிக்கும்போது கேபினெட்டும் மேடைக் கல்லும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். பல வருடங்களாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பழைய சமையலறையை முழுக்கப் பிரித்துவிட்டோம். முதலில் கேபினெட் நிறத்தை முடிவு செய்வதா, கல்லைப் பார்ப்பதா? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: கல்லைப் பாருங்கள். லேமினேட்டிலும் பெயின்ட்டிலும் நூற்றுக்கணக்கான நிறங்கள் கிடைக்கும், கேட்ட நிறத்தைக் கலந்தும் தருவார்கள். கிரானைட்டும் மார்பிளும் மண்ணிலிருந்து வெட்டி எடுப்பவை. அங்கே இருப்பதில்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும். கேபினெட்டைச் செய்து முடித்துவிட்டு அதற்கேற்ற கல்லைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லை முடிவு செய்துவிட்டால் வேலை சுலபம். அந்தக் கல்லுக்குள்ளேயே மூன்று நான்கு நிறங்கள் இருக்கும், அதில் அதிகம் கண்ணில் படாத ஒன்றை எடுத்து ஷட்டருக்கு, அதாவது கேபினெட் கதவுக்குக் கொடுத்தால் தானாகப் பொருந்தும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். உள்ளங்கை அளவு சாம்பிளை வைத்து கல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முழு ஸ்லாப்பை நிறுத்தி வைத்து நேரில் பாருங்கள். ஒரே பெயரில் வரும் கல்கூட ஸ்லாப்புக்கு ஸ்லாப் மாறும். பிடித்த ஸ்லாப்பை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, சிங்க் வெட்டும் அடுப்பு வெட்டும் எங்கே விழும் என்று அதன் மேலேயே சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். கல்லிலேயே இயற்கையாக ஓடும் எந்தக் கோட்டுக்காக அதை ஆசைப்பட்டு எடுத்தோமோ, அந்தக் கோடு சிங்க் துளையோடு வெட்டுப்பட்டுப் போனதை ஒரு வீட்டில் பார்த்தேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கேள்வி: மேடம், வெள்ளை ஷட்டரும் வெள்ளை குவார்ட்ஸ் மேடையும் போட்டோம். கடையில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. வீட்டில் ஷட்டர் பழுப்பேறியதுபோலத் தெரிகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அவர்கள் ஏமாற்றியிருக்க வாய்ப்பு குறைவு. வெள்ளையைப் போலச் சிக்கலான நிறம் வேறில்லை. ஒவ்வொரு வெள்ளைக்கு அடியிலும் ஒரு சாயல் ஒளிந்திருக்கும்: ஒன்றில் மஞ்சள், ஒன்றில் நீலம், இன்னொன்றில் லேசான பச்சை. தனியாக வைத்தால் தெரியாது. நீலம் கலந்த வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் மஞ்சள் கலந்த வெள்ளை ஷட்டரை வைத்தால், பாவம், ஷட்டர் அழுக்காகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பாருங்கள், எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடனே புரியும்.

அப்புறம் வெளிச்சம். ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு பொருட்கள் இன்னொரு விளக்கில் வேறாகத் தெரியலாம். பல்பு அட்டையில் கெல்வின் கணக்கு இருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. அதனால் கடை வெளிச்சத்தில் எடுத்த முடிவு வீட்டில் செல்லாது. ஷட்டரை மாற்றும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள். 4000 கெல்வினில், நிறங்களை உள்ளபடி காட்டும் தரம், அதாவது சிஆர்ஐ, 90க்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். பாதிக் குறை அதிலேயே தீரலாம். மீதி இருந்தால் சுவர் டைல்ஸில் இரண்டு வெள்ளைக்கும் இடைப்பட்ட நிறம் ஒன்றைக் கொண்டுவாருங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு: சாம்பிளை வீட்டுக்கு எடுத்துவந்து காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். கல்லைப் படுக்க வைத்தும் ஷட்டரை நிற்க வைத்தும் பார்க்க வேண்டும். நாளைக்கு அவை இருக்கப்போவது அப்படித்தானே. இரண்டையும் மேஜையில் படுக்கப் போட்டுப் பார்த்தால் வெளிச்சம் விழும் விதமே வேறு.

கேள்வி: மர ரேகை ஓடும் வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய ஷட்டரும், பெரிய கோடுகள் ஓடும் கல்லும் சேர்த்துப் போடலாமா?

பதில்: ஏதாவது ஒன்றில்தான் கண் நிற்கும். ரேகை ஆழமாக இருந்தால் கல் அமைதியாக இருக்கட்டும், கல்லில் பெரிய கோடு ஓடினால் ஷட்டர் ஒரே நிறமாக இருக்கட்டும். இரண்டும் வேண்டும் என்று மனசு கேட்டால், ரேகை மிக நுணுக்கமான வெனீரை எடுங்கள்.

கேள்வி: அக்கா, கறுப்பு கிரானைட்டில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும் பழைய மேடை. நன்றாகத்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஷட்டரை மட்டும் மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக. நல்ல கல்லைத் தூக்கி எறிய எனக்கு மனசே வராது. மறுபடி பாலிஷ் போட்டால் புதிதுபோல வரும். சிவப்புப் புள்ளி இருப்பதால் நீலச் சாயல் உள்ள சாம்பலையும் பளீர் வெள்ளையையும் தவிர்த்துவிடுங்கள். சந்தன நிறம், மணல் நிறம், மங்கலான பச்சை எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் முதலில் சிங்குக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து, பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊறி உப்பியிருந்தால் ஷட்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. உள்பெட்டியையும் மாற்ற வேண்டும், அதற்குக் கல்லைத் தூக்க வேண்டியிருக்கும். பழைய கல் தூக்கும்போது விரிசல் விடலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு மார்பிள் மேடைதான் ஆசை. எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். சீலர் பூச்சு போட்டால் போதாதா?

பதில்: போதாது, தம்பி. மார்பிளில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் அந்த அமிலம் கல்லின் மேற்பரப்பையே அரித்துவிடும். பளபளப்பில் மங்கலான தடம் விழும். எண்ணெய் கல்லுக்குள் இறங்குவதைச் சீலர் தாமதப்படுத்தும், அரிப்பைத் தடுக்காது. அந்தத் தடங்களோடு வாழ மனம் ஒப்பினால் போடுங்கள். பளபளப்பு ஏற்றாமல் மங்கலாகத் தேய்த்த பரப்பாகக் கேளுங்கள், அதில் தடம் அவ்வளவாகத் தெரியாது. மார்பிள் தோற்றம்தான் வேண்டுமென்றால் குவார்ட்சைட் என்ற இயற்கைக் கல் இருக்கிறது. குவார்ட்ஸ் ஸ்லாப் வேறு, அது தொழிற்சாலையில் பிசின் சேர்த்துச் செய்வது. குவார்ட்சைட் என்று சொல்லி மார்பிளைத் தருவதும் நடக்கும். அதனால் ஒரு துண்டு வாங்கி, கால் மணி நேரம் எலுமிச்சைச் சாறு விட்டுத் துடைத்துப் பாருங்கள். மங்கினால் எடுக்காதீர்கள்.

கேள்வி: குவார்ட்ஸ் மேல் சூடான பாத்திரம் வைக்கலாமா?

பதில்: கூடாது. அதிலுள்ள பிசின் கருகி நிறம் மாறும். அடியில் ஒரு தாங்கி வையுங்கள்.

கேள்வி: சின்ன சமையலறை, ஒரே ஒரு ஜன்னல். கறுப்பு மேட் ஷட்டர் போட்டால் இருட்டாகிவிடுமா?

பதில்: மேலும் கீழும் கறுப்பாகப் போட்டால் ஆகும். கீழே அடர் நிறம், மேலே வெளிர் நிறம், நடுவில் வெளிர் கல் என்று வைத்தால் கண் உயரத்தில் வெளிச்சம் தங்கும். மேல் கேபினெட்டுக்கு அடியில் ஒரு பட்டை விளக்கு போடுங்கள். அடர் மேட் ஷட்டரில் விரல் தடம் நன்றாகத் தெரியும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேபினெட் வரைபடத்தை வைத்தே கல்லை வெட்டிவிடலாம், நேரம் மிச்சம் என்கிறார் கல் வேலைக்காரர். சரிதானா?

பதில்: சம்மதிக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதற்குத் தலையாட்டியிருக்கிறேன். சுவர் மூலை நேராக இருக்கும் என்று நம்பி வெட்டினோம். கல் வந்து உட்கார்ந்தபோது ஒரு முனையில் விரல் நுழையும் அளவு இடைவெளி. அந்தத் துண்டு வீண், செலவு என்னுடையது. கீழ்க் கேபினெட் முழுவதும் மட்டம் பார்த்து, சுவரோடு இறுகப் பொருத்திய பிறகுதான் கல்லுக்கு அளவு எடுக்க வேண்டும். சிங்கும் அடுப்பும் அன்றைக்கே கையில் இருக்கட்டும். ஷட்டர் முகத்தைத் தாண்டி கல் அரை அங்குலமாவது வெளியே நீண்டால் வழியும் தண்ணீர் ஷட்டரில் இறங்காது. இரண்டு கல் துண்டுகள் சேரும் இணைப்பு எங்கே வருகிறது என்றும் கேளுங்கள். சிங்க் வெட்டின் மேல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அடுப்புக்கான வெட்டை வீட்டிலேயே மெஷினில் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். தூசிதானே, துடைத்துக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். குவார்ட்ஸ் ஸ்லாப்பில் சிலிக்கா என்ற கனிமம் மிக அதிகம். தண்ணீர் விடாமல் வெட்டும்போது கிளம்பும் நுண்தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். இந்தக் கல்லை வெட்டிய தொழிலாளர்கள் பலர் இளம் வயதிலேயே அதற்கு ஆளானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதற்குத் தடையே போட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. எல்லா வெட்டையும் பட்டறையில் தண்ணீர் விட்டு வெட்டி, முடித்த துண்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. அந்த மெஷினைப் பிடிக்கும் பையனுக்கும் நுரையீரல் ஒன்றுதான்.

கேள்வி: டைல்ஸை முதலிலேயே வாங்கி வைத்துவிட்டேன் அக்கா. தப்பா?

பதில்: பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். டைல்ஸ் கடைசியில் எடுப்பது. முடியாது என்றால் கல் பார்க்கப் போகும்போது ஒரு டைல்ஸைக் கையில் எடுத்துப் போங்கள், ஸ்லாப்போடு சேர்த்து வைத்துப் பார்த்து எடுக்கலாம்.