ஏற மறுக்கும் சிலிக்கோன் ஹோஸ்: கிரீஸ் தடவலாமா?

கேள்வி: என்னுடைய 1.3 லிட்டர் டீசல் காரில், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்துவிட்டது. அதற்குப் பதிலாக நீல நிற சிலிக்கோன் ஹோஸ் வாங்கினேன். எவ்வளவு அழுத்தினாலும் குழாயில் ஏறவில்லை. கொதிநீரில் ஊறவைத்தும் பார்த்துவிட்டேன். லேசாக கிரீஸ் தடவினால் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்கிறார் நண்பர். தடவலாமா?

பதில்: தயவுசெய்து தடவாதீர்கள். கிரீஸ், என்ஜின் ஆயில், துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எதுவுமே வேண்டாம். மாட்டும்போது வழுக்குகிற பொருள் மாட்டிய பிறகும் வழுக்கும். இரண்டரை அங்குல, அதாவது 63.5 மி.மீ. குழாயில் 1 பார் டர்போ அழுத்தம் வந்தால், ஹோஸைக் கழற்றித் தள்ளும் விசை சுமார் 32 கிலோ. மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால், அந்த 32 கிலோவும் கிரீஸ் பூசிய இணைப்பின் மேல்தான் விழும். போதாக்குறைக்கு, எண்ணெயை உறிஞ்சும் சிலிக்கோன் உப்பி, மெத்தென்று ஆகிவிடும்.

கொதிநீர் ஏன் கைகொடுக்கவில்லை? பிளாஸ்டிக் பைப் சூட்டில் இளகும். சிலிக்கோன் அப்படி இல்லை. உறைகுளிரிலிருந்து 150 டிகிரிக்கு மேல் வரைக்கும் அதன் விறைப்பு பெரிதாக மாறாது. அதற்காகத்தானே டர்போவுக்குப் பக்கத்தில் அதை மாட்டுகிறோம்! உள்ளே மூன்று, நான்கு அடுக்குத் துணி வேறு சேர்த்திருப்பார்கள். அந்தத் துணி நீளவே நீளாது.

அதனால் முதலில் அளவைப் பாருங்கள். என் அனுபவத்தில், ஏறவே ஏறாத ஹோஸ் பெரும்பாலும் தப்பான அளவு ஹோஸ்தான். விட்டம் அளக்கும் வெர்னியர் இல்லையென்றால் ஒரு தையல் நூல் போதும். குழாயின் நுனியில் மேடாக ஒரு வளையம் ஓடும். அதற்குப் பின்னால், சமமான இடத்தில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, நீளத்தை 3.14 ஆல் வகுங்கள். நூல் 188.5 மி.மீ. என்றால் குழாய் 60 மி.மீ. அதற்கு 57 மி.மீ. ஹோஸ் கொடுத்திருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றி வாங்குங்கள். ஒரு மி.மீ. இறுக்கம் இருப்பது நல்லது. இரண்டு முனைக்கும் விட்டம் வேறு வேறாக இருந்தால் ரெடியூசர் ஹோஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். நேர் ஹோஸை இழுத்துப் பிடித்துச் சமாளிக்கக் கூடாது.

அளவு சரியா? அப்படியென்றால் என்ஜின் நன்றாக ஆறட்டும். பழைய குழாய்க்குள்ளும் வெளியிலும் எண்ணெய்ப் படலம் இருக்கும். என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து எண்ணெய் ஆவி டர்போ வழியாக வருவதால் அது இயல்புதான். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால், துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடையுங்கள். செல்போன் ரிப்பேர் செய்பவர்கள் ஐபிஏ என்று சொல்வது இதைத்தான். அப்புறம் குழாயின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் அரம் போட்டு எடுத்துவிடுங்கள், தூள் உள்ளே விழாதபடி வாயில் துணியை அடைத்துக்கொண்டு. துணியைத் திரும்ப எடுக்க மறக்காதீர்கள்.

வழுக்குவதற்கு அதே ஆல்கஹாலையே ஹோஸின் உள்பக்கம் பூசலாம். ஹேர் ஸ்ப்ரே இன்னும் நல்லது. பைக் ஹேண்டில் கிரிப் மாட்டுகிறவர்களுக்குத் தெரியும்: ஈரமாக இருக்கும்வரை வழுக்கும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். இரண்டுமே தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது.

ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை முதலிலேயே அதில் கோத்துவிடுங்கள். இப்போது ஹோஸை நேராக வைத்துக் குத்தாதீர்கள். சாய்த்துப் பிடித்து, அதன் கீழ் விளிம்பை வளையத்துக்கு அந்தப் பக்கம் கொக்கி மாதிரி மாட்டுங்கள். ஒரு கட்டைவிரல் அங்கேயே அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொரு கட்டைவிரலால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். சைக்கிள் ரிம்மில் டயரை ஏற்றுவது போலத்தான். கடைசி இரண்டு விரல்கடை பிடிவாதம் பிடிக்கும். அங்கேதான் எல்லோரும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். உள்சுவர் கீறினால் காற்று துணி அடுக்குக்குள் புகுந்து ஹோஸைப் பிரித்துவிடும். பிய்ந்த துணுக்கு காற்றோடு உள்ளே போகும். மறுபடி கொஞ்சம் ஸ்ப்ரே அடித்து, திருகிக்கொண்டே தள்ளுங்கள், வளையத்தைத் தாண்டிவிடும். தாண்டியதும் இரண்டு, மூன்று செ.மீ. உள்ளே போகட்டும். இரண்டு முனையும் அசையாத குழாய்கள் என்றால், நேர் ஹோஸை ஒரு குழாயில் முழுசாக ஏற்றிவிட்டு, மறுமுனையை எதிர்க் குழாய்க்கு நேராக வைத்து, அதன் மேல் ஏறும்படி ஹோஸைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

கிளாம்ப் வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும், வளையத்தின் மேல் அல்ல. துளைகள் உள்ள சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப், சிலிக்கோனைத் துளை வழியாகப் பிதுக்கி அறுத்துவிடும். உள்பட்டை உள்ள டி-போல்ட் கிளாம்ப் வாங்குங்கள். கிளாம்ப்பின் ஓரத்தில் ஹோஸ் பிதுங்குகிறது என்றால் இறுக்கம் கூடிவிட்டது. குழாய் முனை பிளாஸ்டிக் என்றால் இன்னும் நிதானம் தேவை, டி-போல்ட்டின் பிடியில் அது விரிசல் விட்டுவிடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் ஹோஸ் டர்போவிலிருந்து வெளிவரும் சூடான பக்கத்தில் இருக்கிறது. அங்கே சூடும் உண்டு, எண்ணெய் ஆவியும் உண்டு. சாதாரண சிலிக்கோனில் அந்த எண்ணெய் சுவர் வழியே கசிந்து, வெளியே வியர்த்தது போலத் தெரியும், நாளாவட்டத்தில் அடுக்குகளும் பிரிந்துவிடும். அந்த இடத்துக்கு உள்பூச்சு, எண்ணெயைத் தாங்கும் ஃப்ளூரோசிலிக்கோனாக இருக்கும் ஹோஸ்தான் சரி. கடையில் அதைக் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்குப் போகும் குளிர்ந்த பக்கத்துக்குச் சாதாரண சிலிக்கோனே போதும்.

மாட்டியதும் உடனே ஓட்டாமல் ஒரு ராத்திரி காயவிடுங்கள். சூடேறி ஆறும்போது சிலிக்கோன் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். ஆகவே நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, என்ஜின் குளிர்ந்த நிலையில் கிளாம்ப்பை ஒருமுறை சரிபாருங்கள். இழுவை குறைந்து கறும்புகை வந்தாலோ, முடுக்கும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்டாலோ இணைப்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருக்கும்.