பாதிப் படத்தை எப்போ காட்டலாம்? – வாட்டர்கலர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே விஷயத்தை சுத்தித்தான் இருந்துச்சு, இன்னும் முடியாத படத்தை கூட வரையுறவங்ககிட்ட காட்டுறது, அதுல வர்ற சண்டை, சங்கடம். அதனால அதையே எடுத்துக்கிட்டேன், பிரஷ் எங்க வாங்கலாம்னு கேட்டவங்க அடுத்த தடவை வரைக்கும் பொறுத்துக்கோங்க.

ரிட்டயர் ஆனப்புறம்தான் வாட்டர்கலர் ஆரம்பிச்சேன் மேடம். நாங்க நாலஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை காலையில மகாமகக் குளத்துகிட்ட உக்காந்து வரைவோம். பாதியில எட்டிப் பாத்து ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எல்லாத்தையும் கேட்டா படம் கெட்டுப் போவுது, கேக்கலைன்னா மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறாங்க. முடிச்சுட்டு காட்டுனா போதாதா?
– ச.ரா., கும்பகோணம்

முடிச்சுட்டு காட்டுனா "பிரமாதம் சார்"னு ஒரு வார்த்தை கிடைக்கும், அதோட சரி. ஆயில் பெயின்ட்னா தப்பான இடத்து மேலயே இன்னொரு பூச்சு போட்டுக்கலாம், நமக்கு வெள்ளைங்கிறது பேப்பரோட வெள்ளைதான், அதை ஒருக்கா மூடிட்டா அப்புறம் எவ்ளோ தேய்ச்சு எடுத்தாலும் பழைய பளிச்சு வராது. அதனால யோசனை கேக்குறதா இருந்தா பாதியிலதான் கேட்டாகணும் சார், முடிச்சப்புறம் கேட்டு என்ன ஆகப்போவுது. ஆனா எந்தப் பாதியில கேக்குறோம்ங்கிறதுல எல்லாம் இருக்கு.

உங்க குளத்தையே எடுத்துக்குவோம். சுத்தி 16 மண்டபம் நிக்குது, எல்லாத்தையும் ஒரே அழுத்தத்துல போட்டா பாக்குறவன் கண்ணு எதுல போய் நிக்கும்? பென்சில்ல கோடு போட்டு, வானத்துக்கும் தண்ணிக்கும் முதல் வாஷ் (தண்ணியா கரைச்ச கலர் பூச்சு) குடுத்து, அது நல்லா காஞ்சப்புறம், டார்க் வைக்கிறதுக்கு முன்னாடி, அந்த எடத்துல ஒரு தடவை காட்டுங்க. "எப்டி இருக்கு"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அப்டி கேட்டா ஒருத்தர் படிக்கட்டைச் சொல்வார், ஒருத்தர் காக்காவைச் சொல்வார். "இந்த ரெண்டு மண்டபத்துல எதை அழுத்தட்டும், எதை வெளுப்பா விட்டுரட்டும்"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் சுருக்கமா வரும், மூஞ்சி தூக்குறதும் கொறையும்.

ஈரமா இருக்கறப்போ மட்டும் யார்கிட்டயும் காட்டவே காட்டாதீங்க. ஈரத்துல கலர் அழுத்தமா தெரியும், காஞ்சா ஒரு படி வெளுத்துரும், அதனால ஈரத்துல சொல்ற கருத்து பாதிக்குப் பாதி தப்பாத்தான் இருக்கும். அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. பக்கத்துல நிக்கிறவர் "அந்த மூலையில லேசா நீலம் தொட்டு விடுங்களேன்"ம்பார், நீங்களும் தொடுவீங்க, அதுக்குள்ள பேப்பர்ல பளபளப்பு போய் அரை ஈரமா இருக்கும், பிரஷ்ல அதைவிட தண்ணி ஜாஸ்தி இருக்கும், அந்த தண்ணி பரவுறப்போ ஏற்கனவே கெடந்த கலரை தள்ளிக்கிட்டே போய் ஓரத்துல சேத்து விட்டுரும், காஞ்சு பாத்தா வானத்துல காலிஃப்ளவர் பூத்திருக்கும். அதை எடுக்கிறேன்னு திரும்ப ஈரத்துணியோட போனா இன்னும் ரெண்டு பூக்கும்.

அர்பன் ஸ்கெட்சர்ஸ்னு ஒரு கூட்டம் இருக்கே, 2007ல சியாட்டில்ல கேப்ரியல் கம்பனாரியோங்கிற பத்திரிகைக்காரர் ஆரம்பிச்சது, இன்னிக்கு உலகம் பூரா ஊர் ஊருக்கு இருக்காங்க, அவங்க எல்லாம் வரைஞ்சு முடிச்சதும் நோட்டுகளை தரையில வரிசையா விரிச்சு வச்சு சுத்தி நின்னு பாப்பாங்க. நல்ல பழக்கம்தான். என்னைக் கேட்டா நீங்க அதை கடைசிக்கு வைக்காம டீ குடிக்கிற நேரத்துக்கு நகத்திடுங்க, முதல் வாஷ் காயறதுக்கும் நேரம் கிடைச்ச மாதிரி ஆச்சு.

அக்கா, நான் பாதிப் படத்தை போட்டோ எடுத்து என் கூட வரையுற பொண்ணுக்கு அனுப்புவேன். அவ "பேப்பர் ஏன்டி சாம்பலா இருக்கு, நீலம் ரொம்ப தூக்கலா இருக்கு"ங்குறா. நேர்ல அப்டி இல்லவே இல்லக்கா.
– ம., திண்டுக்கல்

அவ படத்தைப் பாக்கல, உன் போனைப் பாக்குறாம்மா. வெள்ளை ஜாஸ்தியா இருக்கிற எதைக் காட்டுனாலும் போன் கேமரா வெளிச்சம் அதிகம்னு நெனச்சு தானா குறைச்சுக்கும், அதான் பேப்பர் சாம்பலாவுது. ஸ்க்ரீன்ல படத்து மேல ஒரு தட்டு தட்டி, பக்கத்துல வர்ற சூரியக் குறியை மேல தள்ளு, பேப்பர் வெள்ளையாகுற வரைக்கும். வீட்டுக்குள்ள ட்யூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்து விழுற எடம் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம், வாசத்திண்ணை நிழல் போதும். இன்னொண்ணு, அனுப்புறதுக்கு முன்னாடி அதே போட்டோவை பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்தி நீயே ஒரு தடவை பாரு. எல்லாம் ஒரே சாம்பலா தெரிஞ்சா டார்க் பத்தலைன்னு அர்த்தம், அதுக்கு ஃப்ரெண்டு கிட்ட கேக்கவே வேண்டியதில்ல.

போன வருஷம் வாங்கி வச்ச 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர், பாதி பேடு மிச்சம் இருந்துச்சு. இப்போ வாஷ் குடுத்தா அங்கங்க புள்ளி புள்ளியா டார்க்கா உறிஞ்சுது. கூட வரையுறவங்க படத்தைப் பாத்துட்டு "கலரை சரியா கரைக்கல"ன்னு அட்வைஸ் பண்றாங்க. நான் என்னதான் பண்றது?
– கி., சென்னை, பெசன்ட் நகர்

கடல் பக்கத்துல வீடு, பேடு பிரிச்சபடியே அலமாரியில கெடந்திருக்கும், சரியா? கலர் மேல தப்பே இல்ல. வாட்டர்கலர் பேப்பர்ல சைஸிங்னு ஒண்ணு சேத்திருப்பாங்க, ஆர்ச்சஸ் மாதிரி பேப்பர்ல அது ஜெலட்டின். அது இருக்கறதாலதான் தண்ணி சட்டுனு உள்ள எறங்காம மேல கொஞ்ச நேரம் நிக்குது, நாமளும் கலரை நகத்த முடியுது. ஈரக்காத்துல அது அங்கங்க கெட்டுப்போகும், கண்ணால பாத்தா ஒண்ணுமே தெரியாது, கலர் வச்சாத்தான் வெளிய வரும்.

டெஸ்ட் சுலபம். ஓரத்துல சுத்தமான தண்ணியை பிரஷ்ல ஒரு பட்டை இழு. நல்ல எடத்துல தண்ணி மினுமினுன்னு மேலயே நிக்கும், கெட்ட எடத்துல உடனே உள்ள எறங்கி கறுத்த புள்ளியா தெரியும். கெட்டதைத் தூக்கிப் போட வேண்டாம், பேனா ஸ்கெட்சுக்கும் கௌவாஷ் மாதிரி கெட்டிக் கலருக்கும் ஆவும். இனிமே வாங்குறது நாலு ஷீட்டானாலும் ஜிப்லாக் கவர்ல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு வை. ஆஃபர்ல வருதுன்னு கட்டு கட்டா வாங்கி அடுக்குறது நம்ம ஊர் காத்துக்கு ஒத்து வராது.

உன் ஃப்ரெண்ட்ஸ்க்கு முழுப் படத்தோட அந்தப் புள்ளி இருக்கிற எடத்தை கிட்டத்துல எடுத்து ஒரு போட்டோவும் சேத்து காட்டியிருந்தா, ஒருத்தராவது பேப்பர்தான்னு கண்டுபிடிச்சிருப்பாங்க.

என் ஃப்ரெண்ட் நல்லா வரையுவாங்க, இல்லேங்கல. ஆனா போன வாரம் "இரு, காட்டுறேன்"னு என் பிரஷ்ஷை வாங்கி என் படத்துலயே மரத்தைப் போட்டுட்டாங்க. மரம் அழகா இருக்கு, அதான் இன்னும் கோவம் வருது.
– வாசகி, சேலம்

நியாயமான கோவம். அந்தப் படத்தை இனிமே நீங்க வரைஞ்சதுன்னு யார்கிட்டயும் சொல்ல மனசு வராது, எனக்கும் வராது. அடுத்த தடவை போறப்போ ஜெராக்ஸ் கடையில ஒரு ஓஎச்பி ஷீட், அதான் கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஷீட், வாங்கிட்டுப் போங்க. காஞ்ச படத்து மேல அதை வச்சு, "இதுல போட்டுக் காட்டு"ன்னு குடுங்க. வெறும் தண்ணிக் கலர் அதுல ஒட்டாம உருண்டு ஓடும், பிரஷ்ஷை சோப்புல ஒரு தொடு தொட்டு கலரை எடுத்தா நிக்கும். மரம் இங்கயா அங்கயான்னு ஷீட்டை நகத்தி நகத்திப் பாத்துட்டு தொடைச்சுடலாம், கீழ இருக்கிற படத்துக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க தனியா வரையும்போதும் இது ஒதவும்.

எங்க கூட்டத்துல மத்தவங்க எல்லாம் டேனியல் ஸ்மித், வின்சர் நியூட்டன்னு வெலை ஜாஸ்தி கலரா வச்சிருக்காங்க. நான் ஸ்கூல் பசங்க யூஸ் பண்ற கேமல் டப்பாதான். பாதிப் படத்தை எடுத்து வைக்கவே கூச்சமா இருக்குண்ணா... சாரி, அக்கா.
– பி., திருநெல்வேலி

எப்டி கூப்ட்டாலும் சரி தம்பி. காசு இருந்தா மொதல்ல பேப்பர்ல போடு, கலர் ரெண்டாவது. மலிவு பேப்பர்ல எந்த பிராண்டு கலரும் மலிவாத்தான் தெரியும், ரெண்டாவது வாஷ் குடுத்தா மொத வாஷ் கெளம்பி வந்துரும்.

கலர் வாங்குறப்போ பிராண்டு பேரைவிட டியூப் பின்னாடி பொடி எழுத்துல இருக்கிற நம்பரைப் பாரு, உள்ள எந்த நிறமி இருக்குன்னு அதுதான் சொல்லும். அல்ட்ராமரீன் நீலம்னா பிபி 29. ஒரு காலத்துல ஆப்கானிஸ்தான்ல தோண்டுற லாபிஸ் லாசுலி கல்லை அரைச்சு எடுத்த நீலம், தங்க வெலை வித்துச்சு, 1820கள்ல அதை செயற்கையா செய்யக் கத்துக்கிட்டாங்க, இப்போ எந்த கம்பெனி டியூப்ல இருந்தாலும் அதே பிபி 29தான். நல்ல கம்பெனியில கலர் அதிகமா கலந்திருக்கும், அவ்ளோதான். அலிசரின் கிரிம்சன்ங்கிற சிவப்புல பிஆர் 83ன்னு போட்டிருந்தா வாங்காம திரும்ப வச்சுடு, எவ்ளோ வெலை குடுத்தாலும் வெளிச்சத்துல வெளுக்கும்.

நீ தனி டியூப்பா வாங்குறதுன்னா அல்ட்ராமரீன், பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு, ஒரு மஞ்சள், இந்த மூணு போதும். மொத ரெண்டையும் கலந்தா வர்ற சாம்பலைப் பாரு, நீலம் தூக்கலா வச்சா நிழல்ல நிக்கிற கல்லு, சியன்னா தூக்கலா வச்சா வெயில்ல நிக்கிற கல்லு, உங்க ஊர் நெல்லையப்பர் கோயில் பிராகாரம் முழுக்க இந்த ரெண்டு டியூப்லயே முடிஞ்சுரும். அந்தச் சாம்பலைப் போட்டு பாதியில நிறுத்தி எடுத்து வை, டேனியல் ஸ்மித் வச்சிருக்கிறவங்களே எதுல கலந்தேன்னு கேப்பாங்க, சொல்லிக் குடு.